சி4 ஆடுகிற பிள்ளைகள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் கல்முனையில் ஒரு சதுரங்கச் சுற்றுப்போட்டி. முதல் நகர்விலேயே சி4 போட்டு, அதாவது சி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கிய ஒரு பொடியன் எட்டாவது நகர்வில் குதிரையைத் தொலைத்துவிட்டு மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பல வருடங்களுக்கு முன் மட்டக்களப்பில் நானும் அதே குதிரையை அதே கட்டத்தில் இழந்தேன். காயைக் காவலில்லாமல் விடுவது போன்ற தவறுகளைச் சொல்லத் தேவையில்லை.

எதிரியைப் பாராமல் அமைப்பை அடுக்குவது

"எவன் என்ன ஆடினாலும் ஜி3, மந்திரி (பிஷப்) ஜி2, குதிரை எஃப்3" என்றுதான் எனக்கும் சொல்லித்தந்தார்கள். அது பொய். இன்றைக்கும் அதைக் கேட்டால் எரிச்சல் வரும்.

கல்முனைப் பொடியன் எழுதிய தாளைப் பாருங்கள் (அவன் வெள்ளை; ஒவ்வொரு சோடியிலும் வெள்ளை முதலில், கறுப்பு அடுத்து): சி4 ஈ5, ஜி3 குதிரை எஃப்6, மந்திரி ஜி2 சி6, குதிரை சி3 டி5, சிப்பாய்கள் டி5இல் வெட்டிக்கொண்டன. அடுத்தது குதிரை எஃப்3. கறுப்பு ஈ4 தள்ளியது. டி4க்குப் போயிருந்தால் குதிரை தப்பியிருக்கும். அவன் எச்4க்கு வைத்தான். கறுப்பு ஜி5.

இனிப் போக இடமில்லை. எஃப்5ஐ மந்திரி பார்க்கிறது, ஜி6ஐச் சிப்பாய்கள், எஃப்3ஐ ஈ4 சிப்பாய். ஜி2இல் நிற்பது நம்முடைய மந்திரியே.

"சேர், குதிரைய எஃப்3க்குத்தானே வைக்கிற?" என்று கேட்டான். கறுப்பு சி6 போட்டதுமே டி5 வரப்போகிறது என்று தெரிய வேண்டும், மனே. அந்த இடத்தில் டி4 அடித்து மையத்தைத் தொட வேண்டும். குதிரை சி3 வந்துவிட்டாலும் எஃப்3க்கு முன்னே டி3 போட்டு ஈ4ஐத் தடுக்கலாம்.

சி4 போல ஓரத்தில் தொடங்குவது மையத்தை மறக்க அல்ல. 1924இல் நியூயோர்க்கில் அப்போதைய உலகச் சாம்பியன் கபபிளாங்காவை ரிச்சர்ட் ரெட்டி தோற்கடித்தபோதும் ஓரத்திலிருந்து மையத்தைத்தான் தாக்கினார். எட்டு வருடங்கள் தோற்காதவர் அன்று தோற்றார்.

ஜி2 மந்திரியை எதிரியின் குதிரைக்கு மாற்றுவது

காரணமில்லாமல் வேண்டாம்.

சி4 போட்டால் வேறு எதுவும் படிக்கத் தேவையில்லை என்பது

1972 உலகச் சாம்பியன் போட்டியில் ஸ்பாஸ்கிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தை ஃபிஷர் சி4இல் தொடங்கினார். சில நகர்வுகளில் அது ராணி கம்பிட்டாக, அதாவது டி4, சி4 இரண்டையும் வெள்ளை போடுகிற தொடக்கமாக, மாறிவிட்டது. என்னிடம் சி4 பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் இரண்டு கிழமையும் ராணி கம்பிட்தான்.