பால்சா கிட்டிலிருந்து முதல் பறத்தல் வரை: ரேடியோ விமானம் கட்டும் முறை

மரக் கிட் ஒன்றை வாங்கி, முதன்முறையாக ஒரு ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தைக் கட்டப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக நான் கட்டிய பயிற்சி விமானத்தையே வைத்துக்கொள்வோம்: அதன் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 1.4 மீட்டர், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 22 சென்டிமீட்டர்; பேட்டரியுடன் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. இறக்கை உடலுக்கு மேலே அமைந்து, அதன் நுனிகள் சற்றே உயர்ந்திருப்பதால், கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் குச்சியை விட்டுவிட்டால் விமானம் பெரும்பாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும். போர் விமானத்தின் அழகில் மயங்கி அதையே முதல் கிட்டாக வாங்குகிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றில் பல இரண்டாம் முறை பறந்ததில்லை.

கிட் பெட்டியில் லேசரால் வெட்டிய பால்சா, பிளைவுட் தகடுகள், முழு அளவு வரைபடம், கம்பிகள், திருகுகள் ஆகியவை இருக்கும். மோட்டார், வேகக் கட்டுப்படுத்தி, 3 செல் 2200 மில்லியாம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, நான்கு 9 கிராம் சர்வோக்கள் (கம்பி வழியே இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்), 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி), அதன் சிக்னலை விமானத்தில் வாங்கும் ரிசீவர் ஆகியவற்றைத் தனியே வாங்க வேண்டியிருக்கும். இந்த எடைக்கு 180 முதல் 200 வாட் போதும். அது 3 செல் பேட்டரியில் சுமார் 18 ஆம்பியர் என்பதால், 30 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தி தாராளமாகத் தாங்கும்.

கட்டுமானம்

வளையாத பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய கதவுப் பலகை கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை, ஆனால் அதன் மீது நேரான அடிக்கோலை வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அதை நம்புங்கள். வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துவிட்டால் பசை வரைபடத்தைப் பிடிக்காது.

பசைகள் மூன்று வேண்டும். பால்சாவுடன் பால்சா சேரும் பெரும்பாலான இடங்களுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை நல்லது. அது மெதுவாகக் காய்வதால் தவறைத் திருத்த நேரம் கிடைக்கிறது. அவசரத்துக்கும் கீல்களுக்கும் சயனோஅக்ரிலேட், அதாவது ஃபெவிக்விக் இனத்துப் பசை. நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் அது இன்னும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், துண்டுகளைப் பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகே புட்டியைத் திறக்க வேண்டும். மோட்டார் பொருத்தும் பலகை, இறக்கையின் நடு இணைப்பு போன்ற பளு தாங்கும் இடங்களுக்கு, மெதுவாக இறுகும் எப்பாக்சி.

இறக்கையை முதலில் கட்டுங்கள். கீழ் ஸ்பாரை, அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடும் தாங்குசட்டத்தை, வரைபடத்தின் மேல் குண்டூசிகளால் நிறுத்தி, ஒவ்வொரு விலாத் துண்டையும் மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக ஒட்டி, பிறகு மேல் ஸ்பாரையும் முன்விளிம்பையும் சேர்க்க வேண்டும். இரண்டு ஸ்பார்களுக்கும் இடையே ஒட்டும் சிறு பால்சாத் துண்டுகளின் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். படுக்கையாக ஓடினால் அவை இருந்தும் பயனில்லை. பசை முழுதும் காயும் வரை, குறைந்தது ஓரிரவாவது, இறக்கையைப் பலகையிலிருந்து எடுக்காதீர்கள். முறுக்கிக்கொண்ட இறக்கையைப் பறக்கும்போது டிரிம் கொண்டு, அதாவது மடல்களின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் டிரான்ஸ்மிட்டர் பொத்தான்களால், ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் வேகம் மாறும்போதெல்லாம் அந்த முறுக்கு தன் வேலையைக் காட்டும்.

உடலின் பக்கத் தகடுகளை ஒட்டும்போது, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைகின்றனவா என்று பாருங்கள். நான் என் முதல் விமானத்துக்கு மிகுந்த அக்கறையுடன் இரண்டு இடப்பக்கத் தகடுகளைச் செய்து முடித்தேன். இரண்டையும் மேசையில் ஒரே சமயத்தில், புத்தகம் திறந்ததுபோல எதிரெதிராக வைத்துக்கொண்டு வேலை செய்தால் இது நடக்காது.

மோட்டார் பலகையைப் பொருத்தும்போது அது இரண்டு மூன்று பாகை வலப்பக்கமாகவும் கீழ்நோக்கியும் சாய்ந்திருப்பதைக் கண்டு, கிட்டில் பிழை என்று எண்ணி நேராக்கிவிடாதீர்கள். சுழலும் புரொப்பெல்லரின் விளைவால் விமானம் முழு வேகத்தில் இடப்பக்கம் இழுக்கும். மோட்டாரின் விசையால் மூக்கு மேலே தூக்கும். இந்த இரண்டையும் ஈடுசெய்யத்தான் வடிவமைப்பாளர் அந்தச் சாய்வை வைத்திருக்கிறார்.

வால் பகுதியைக் கனக்காமல் கட்டுங்கள். அது இறக்கையிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், அங்கே கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடை சேர்க்க நேரிடலாம். உப்புத்தாளால் தேய்ப்பதில் சோம்பல்படாதீர்கள்.

உறையிடும் படலத்தைச் சிறு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும்போது, அதன் தாளில் குறித்துள்ள வெப்பநிலையைப் பின்பற்றுங்கள். ஒட்டுவதற்குக் குறைந்த சூடு, சுருங்கவைத்து இறுக்குவதற்கு அதிகச் சூடு. கீழ்ப்பக்கத்தை முதலில் ஒட்டி, மேல்பக்கத்தின் விளிம்பு அதன் மேல் படியுமாறு மடியுங்கள். மேலும் கீழும் வெவ்வேறு நிறம் இருக்கட்டும்: நூறு மீட்டர் தள்ளி விமானம் ஒரு நிழலுருவமாகத் தெரியும்போது, அது உங்களை நோக்கி வருகிறதா விலகிப்போகிறதா என்பதை அந்த நிறம்தான் சொல்லும். இறக்கையை இறுக்கிய பிறகு மீண்டும் முறுக்கைச் சரிபார்த்து, முறுக்கு இருந்தால் கையால் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி சூடு காட்டி நேராக்கலாம்.

சர்வோக்களும் திசையும்

இந்தக் கட்டம் முழுவதும் புரொப்பெல்லர் கழற்றியே இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கி, பிறகே விமானத்தின் பேட்டரியை இணைக்க வேண்டும். அணைக்கும்போது விமானத்தை முதலில் அணைக்க வேண்டும். சர்வோ கைகள் நடுநிலையில் கம்பிகளுக்குச் செங்குத்தாக நிற்கும்படி பொருத்துங்கள். எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) அசைவு மேலும் கீழும் 10 மில்லிமீட்டர், ஏலரானின் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) அசைவு 8 மில்லிமீட்டர் என்ற அளவில் தொடங்கி, கிட்டின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்து அதை உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, விமானத்தின் பின்னால் நின்று திசைகளைப் பாருங்கள். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலேறி, இடது ஏலரான் இறங்க வேண்டும். எலிவேட்டர் குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு உயர வேண்டும். ஏலரான் தலைகீழாக இணைந்திருப்பதைத் தரையில் கவனிக்காமல் விட்டுவிட்டு, வானில் அதைக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு சில நொடிகள்தான். ஆகவே மேசையில் ஒருமுறை, களத்தில் ஒருமுறை, வேறொருவர் கண்ணால் ஒருமுறை என்று பாருங்கள்.

சமநிலை

எல்லாவற்றிலும் இதற்கே நான் அதிக நேரம் செலவிடுகிறேன். விமானத்தின் எடை மையம், இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 33 விழுக்காட்டுத் தொலைவுக்குள் விழ வேண்டும்; நம் 22 சென்டிமீட்டர் இறக்கையில் அது 5.5 முதல் 7.2 சென்டிமீட்டர் வரை. முதல் பறத்தலுக்கு முன்பக்க எல்லைக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி, புரொப்பெல்லர் உட்பட அனைத்தையும் பொருத்தி, அந்த இடத்தில் இறக்கையின் அடியில் இரண்டு விரல்நுனிகளால் தாங்கினால், மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். மையம் பின்னுக்குப் போய்விட்டால், குச்சியை இம்மி அசைத்தாலும் விமானம் தாவும், வேகம் குறைந்தால் ஒருபக்கம் கவிழ்ந்து சுழலத் தொடங்கும், பழகாத கையால் அதை மீட்க முடியாது. ஈயத்தைத் தேடுவதற்கு முன் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

முதல் பறத்தல்

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நடப்பில் உள்ளன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்திலுள்ள வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே களத்துக்குப் போங்கள். கோடையில் வறண்ட ஏரிப்படுகை அருமையான களம், ஆனால் கரையோரச் சீமைக்கருவேலம் விமானத்தை விழுங்கினால் உறையைக் கிழிக்காமல் திருப்பித் தராது. சென்னை போன்ற இடங்களில் முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று உள்ளே வரும் என்பதால், விடிந்தவுடன் போய்விடுவது நல்லது. ஏற்கெனவே பறக்கவிட்டுப் பழகிய ஒருவர் உடன் இருக்கட்டும். முடிந்தால் முதல் பறத்தலை அவரே செய்யட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்திச் சோதனை நிலையில் வைத்து, முப்பது அடி எடுத்துவைத்து நடந்து, சர்வோக்கள் தடுமாறாமல் இயங்குவதைப் பாருங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, காற்றை எதிர்த்து விமானத்தை ஓடவிட்டு, வேகத்தை மெதுவாகக் கூட்டுங்கள். விமானம் தானாகவே எழத் தயாராகும்வரை இழுக்காதீர்கள். எழுந்தபின் மூக்கைச் செங்குத்தாகத் தூக்காமல், சிறு ஏற்றத்தில் 40 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுசென்று, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, டிரிம்களைத் தொடுங்கள்: மூக்கு ஏறினாலோ இறங்கினாலோ எலிவேட்டர், பக்கம் சாய்ந்தால் ஏலரான்.

விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தோன்றும். அப்போது தாழ்ந்திருக்கும் இறக்கையின் பக்கமாகவே குச்சியைத் தள்ளினால், அது நிமிரும். கீழே சாயும் கூரைக்கு முட்டுக் கொடுப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டில் சிமுலேட்டரில் சில மாலைகள் பழகிவிட்டு வருவது, உடைந்த பால்சாவை ஒட்டுவதைவிட மலிவு.

இறங்குவதற்கு முன், உயரத்தில் இருக்கும்போதே மோட்டாரை நிறுத்தி, எலிவேட்டரை மெல்ல இழுத்து, விமானம் எந்த வேகத்தில் தாங்குவதை நிறுத்துகிறது, எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துவிடுங்கள். இறங்கும்போது நீண்ட, நேரான பாதையில் காற்றை எதிர்த்து வந்து, உயரத்தை மோட்டாராலும் வேகத்தை எலிவேட்டராலும் கட்டுப்படுத்தி, தரைக்கு ஒரு முழம் இருக்கையில் மெதுவாக மூக்கை உயர்த்துங்கள். டைமரை ஐந்து நிமிடத்துக்கு வைத்திருந்தால், பேட்டரி தீரும் அவசரம் இருக்காது.

இறங்கியதும் மோட்டார்த் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள், அதிர்வில் அவை தளர்ந்திருக்கலாம். டிரிம் அதிகம் தேவைப்பட்டிருந்தால், கம்பியின் நீளத்தை மாற்றி டிரிமை மறுபடி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரியின் செல் ஒவ்வொன்றும் 3.7 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால், அடுத்த பறத்தலுக்கு டைமரை ஒரு நிமிடம் குறையுங்கள். சூடு ஆறிய பிறகு 2.2 ஆம்பியரில், கண்காணிப்பில் வைத்து மின்னேற்றுங்கள். சில நாள் பறக்கவிடப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டோடு நிறுத்திவிடுங்கள்.