குளம் வற்றும் நாட்களில் கொசுவைக் கவனிப்பது எப்படி

திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் மழை குறைவு என்பதால், கொசுவால் வரும் நோயும் குறைவாகவே இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். காட்டுப் பறவைகளுக்கும் கொசுக்களுக்கும் இடையே சுற்றிவரும் வைரஸ்களைப் பொறுத்தவரை இது சரியல்ல. குளம் நிறைந்திருக்கும்போது நாரையும் கொக்கும் பரந்து மேய்கின்றன. மீனும் தட்டான் புழுவும் கொசுப்புழுக்களைத் தின்றுவிடுகின்றன. தண்ணீர் வற்றி மடைக்குழியிலும் ஓடைப் பள்ளத்திலும் மட்டும் தேங்கும் நாட்களில், மீன்கள் மடிந்துபோக, இலையும் எச்சமும் அழுகிக் கிடக்கும் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் கொசு பெருகுகிறது; மிச்சமிருக்கும் பறவைகளும் அதைச் சுற்றியே கூடுகின்றன. எனவே கோடையின் கடைசியிலும், வடகிழக்குப் பருவமழையின் முதல் மழைக்குப் பிறகும்தான் நாம் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த வைரஸ்களில் நாம் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. மேற்கு நைல் வைரஸ் 1937-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்டது; பக்கத்துக் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2019-இல் ஒரு சிறுவன் அதற்குப் பலியானான். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955-இல் நம் வேலூர்ப் பகுதியில்தான் அறியப்பட்டது. இரண்டையும் பரப்புபவை பெரும்பாலும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள். பறவையின் இரத்தத்தில் வைரஸ் சில நாட்களே இருக்கும். அந்நாட்களில் அதைக் கடிக்கும் கொசு, ஒன்றிரண்டு வாரங்களில் பிறருக்குப் பரப்பும் நிலையை அடைகிறது. மனிதனிடமிருந்து கொசு அதை மீண்டும் எடுத்துச் செல்வதில்லை. மூளைக் காய்ச்சல் வைரஸைப் பன்றிகளும் பெருக்கும் என்பதால், பன்றிக் கொட்டகை வீட்டை ஒட்டி இருக்கக் கூடாது.

இதைக் கேட்டவுடன் பறவைகளை விரட்டவோ, கூடுள்ள மரத்தை வெட்டவோ யாரும் நினைக்க வேண்டாம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, நம் பக்கத்துக் கூந்தன்குளத்தில், மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவ்வூர் மக்கள் தலைமுறையாக அவற்றைக் காத்து வருகிறார்கள். நாம் அறுக்க வேண்டிய கண்ணி கொசு மட்டுமே.

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, ஒரு வெள்ளைக் கிண்ணத்துடன் வீட்டைச் சுற்றி வாருங்கள். மாட்டுத் தொட்டி, பழைய ஆட்டுரல், சிரட்டை, மோட்டார் பக்கத்துக் குழி, சாக்கடை ஓரம் என ஒவ்வொன்றிலும் தண்ணீரை மெதுவாக முகந்து, வெயிலில் ஒரு நிமிடம் அசையாமல் பிடித்துப் பாருங்கள். கியூலெக்ஸ் புழு நீர்மட்டத்தில் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். கிண்ணத்தின் மேல் உங்கள் நிழல் விழுந்தவுடன் நெளிந்து அடிக்குப் போய், சற்று நேரத்தில் மூச்சு வாங்க மேலே வரும். கரித்தூள் துணுக்குபோல ஏதாவது மிதந்தால் உற்றுப் பாருங்கள்: நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் செங்குத்தாக ஒட்டி நிற்கும் சிறு தெப்பமாக அது இருக்கக்கூடும். முட்டை கொசுவாக வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு முறை என்கிறோம். தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டி, தொட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாய் வாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு துண்டு நைலான் வலையை அதில் இறுகக் கட்டுங்கள். கிணற்றிலும் தொட்டியிலும் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். ஆனால் குளத்தில் விடக் கூடாது. நாட்டு மீன் முட்டைகளையும் தவளைக் குஞ்சுகளையும் அது தின்றுவிடும். குளத்து நீரில் எண்ணெயோ பூச்சிமருந்தோ ஊற்றுவது பறவைக்கும் கால்நடைக்கும் கேடு.

கியூலெக்ஸ் கொசு பொழுது சாய்ந்த பிறகு கடிக்கும். இரவில் மடைக்குக் காவல் போகிறவர்களும் திண்ணையில் படுப்பவர்களும் முழுக்கைச் சட்டையும் கொசுவலையும் இல்லாமல் இருக்க வேண்டாம். மேற்கு நைல் வைரஸுக்கு மனிதருக்கான தடுப்பூசி இல்லை. மூளைக் காய்ச்சலுக்கு உண்டு. பாதிப்புள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடப்படுகிறது. உங்கள் ஊரில் போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குளக்கரையில் பறவைகள் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். நாயை அண்ட விடாதீர்கள். பறவைக் காய்ச்சலோ நஞ்சோகூடக் காரணமாக இருக்கலாம். எந்தப் பறவை, எத்தனை, எந்த இடம், என்றைக்கு என்று குறித்து, படமும் எடுத்து, வனத்துறைக்கோ கால்நடை மருந்தகத்துக்கோ உடனே தெரிவியுங்கள்.

மேற்கு நைல் தொற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. நூற்றைம்பது பேரில் ஒருவர் அளவுக்கே மூளையோ நரம்போ தாக்கப்படும். ஆனால் கடும் காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, கசாயம் வைத்து ஒரு நாள் பார்ப்போம் என்று காத்திராமல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள், குளக்கரையில் குடியிருப்பது, அண்மையில் பறவைகள் செத்ததைப் பார்த்தது ஆகிய மூன்றையும் மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.