துணையை இழந்த தன்பாலீர்ப்பு ஆணின் கதை: எட்டு எபிசோட் தொடர் எழுதும் முறை

முதல் எபிசோடின் முதல் காட்சிக்கு முன்பே நாயகனின் துணை இறந்திருக்க வேண்டும். தொடர் தொடங்கும்போது சாவு நடந்து பத்து நாளாவது ஆகியிருக்கட்டும். இரண்டு எபிசோட் முழுக்க ஜோடியைப் பார்வையாளர்கள் நேசிக்கும்படி காட்டிவிட்டு மூன்றாவதில் ஒருவரைச் சாகடிப்பது எழுதுபவருக்குச் சுலபம். ஆனால் தன்பாலீர்ப்புப் பாத்திரங்களைச் சாகடித்தே கதையை நகர்த்திய பழக்கம் திரையில் நெடுங்காலமாக இருக்கிறது. அதைப் பார்த்துச் சலித்தவர்கள் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். தவிர, சாவு அதிர்ச்சியாக வந்தால் தொடர் அந்தச் சாவைப் பற்றியதாகிவிடும். நமக்கு வேண்டியது மிச்சமிருப்பவரின் கதை.

சாவுக்கான காரணத்தைச் சாதாரணமாக வையுங்கள்: மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய். எய்ட்ஸ், கொலை, தற்கொலை ஆகியவற்றில் எதை எடுத்தாலும் அதுவே எட்டு எபிசோடையும் தின்றுவிடும்.

ஒரு எபிசோட் 45 நிமிடம் என்று கொள்வோம். வழக்கமான திரைக்கதை வடிவில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இந்த மாதிரித் தொடரில் மௌனம் அதிகம், ஆள் தனியாக இருக்கும் காட்சிகள் அதிகம். எழுத்தில் மூன்று வரியாக இருப்பது திரையில் ஒன்றரை நிமிடம் ஓடும். ஆகவே 38 முதல் 40 பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். 48 பக்கம் எழுதினால் எடிட்டிங்கில் முதலில் வெட்டுப்படுவது அந்த மௌனங்கள்தான்.

வயதுக் கணக்கு

வசனம் எழுத உட்காரும் முன் ஒரு தாளில் ஆண்டுகளை வரிசையாகப் போடுங்கள். 2025இல் நாயகனுக்கு 52 வயது என்றால் பிறந்தது 1973. எச்ஐவிக்குப் பலன் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த 1996இல் அவருக்கு 23. அதாவது, ஆசை அரும்பிய வயதில் கூடவே மரண பயத்தையும் கற்றவர். துணையை 2003இல் சந்தித்தார் என்றால் 22 ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்கிறார். தன்பாலீர்ப்பு ஆண்கள் ஒருவரையொருவர் தேடிப் பழகும் கிரைண்டர் செயலி வந்தது 2009இல். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் தினசரி மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2012இல். இரண்டுமே அவர் வீட்டுக்கு வெளியே நடந்த விஷயங்கள். ஏழாவது எபிசோடில் ஓர் இளைஞன் சர்வசாதாரணமாக அந்த மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இவர் முகத்தில் ஓடவேண்டியது இந்த முப்பது வருடக் கணக்கு. தாளில் அதைப் போடாமல் எழுதினால் அவர் வெறும் கூச்ச சுபாவியாகத்தான் தெரிவார்.

அதே தாளில் சட்டத்தையும் எழுதுங்கள். ஒரே பாலினத்தவர் திருமணம் நெதர்லாந்தில் 2001இலும், அமெரிக்கா முழுவதிலும் 2015இலும், தைவானில் 2019இலும், தாய்லாந்தில் 2025 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2018இல் தன்பாலீர்ப்பு உறவு குற்றமல்ல என்றாயிற்று. 2023இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்தது. 2024 ஆகஸ்டில் நிதியமைச்சகம், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. கதையை எந்த நாட்டில், எந்த ஆண்டில் வைக்கிறீர்களோ அதைப் பொறுத்து நாயகன் சட்டப்படி கணவராகவோ வெறும் அறைத்தோழராகவோ ஆகிறார். அமெரிக்காவின் 2015 தீர்ப்பே இப்படியொரு துக்கத்தில் பிறந்ததுதான். ஜான் ஆர்தர் 2013இல் இறந்தார். அவருடைய இறப்புச் சான்றிதழில் தன்னைக் கணவர் என்று குறிக்க வேண்டும் என்று ஜிம் ஓபர்கெஃபல் தொடுத்த வழக்கு அது. ஒரு சான்றிதழின் ஒற்றைக் கட்டத்துக்குள் எட்டு எபிசோடுக்கான கதை இருக்கிறது.

படிவக் காட்சி

அந்தக் கட்டத்தை வைத்தே முதல் எபிசோடின் நடுக்காட்சியை அமையுங்கள். மருத்துவமனைக் கவுண்டர். இறந்தவரின் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன. கவுண்டரில் இருக்கும் பெண் நல்லவள், இது முக்கியம். அவள் படிவத்தை நீட்டி, பேனாவின் மூடியைத் திறந்தும் தருகிறாள். “நீங்க அவருக்கு என்ன உறவு வேணும் சார்?” அவர் “நண்பர்” என்று எழுதுகிறார். அவள் படித்துவிட்டு, “ரத்த சொந்தம் யாராச்சும் வரணுமே சார்” என்கிறாள். பை அவள் பக்கமே இருக்கிறது. அவர் பேனாவைத் திருப்பிக் கொடுக்கிறார், மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறார். இவ்வளவுதான். அவள் கொடுமைக்காரியாக இருந்தால் பார்வையாளருக்கு அவள்மேல் கோபம் வரும், காட்சி அங்கேயே தீர்ந்துவிடும். அவள் கனிவாக இருந்தால் கோபம் போக இடமில்லாமல் அவரோடேயே வீட்டுக்கு வரும்.

இந்த வகைத் துக்கத்தை ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் விரிவாக எழுதினார்: சமூகம் அங்கீகரிக்காததால் வெளிப்படையாக அழவோ ஆறுதல் கேட்கவோ உரிமையற்ற துக்கம். இதுதான் உங்கள் தொடரின் எஞ்சின். அலுவலகத்தில் விடுப்பு கேட்கும் காட்சியில் அதை அப்படியே போடலாம். “யாரு தவறிட்டாங்க?” “கூட இருந்தவர்.” “ஓ, ரூம்மேட்டா? ரெண்டு நாள் போதுமா?” அதற்கு மேல் ஒரு வசனமும் வேண்டாம். அவர் வெடித்துப் பேசும் நீண்ட வசனத்தை எழுதக் கை துறுதுறுக்கும். எழுதி, படித்து, எடுத்துவிடுங்கள்.

எபிசோடுக்குள் என்ன நடக்கும்

துக்கத்தின் ஐந்து படிகளை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) வைத்து ஐந்து எபிசோடைப் பிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969இல் அந்தப் படிகளை முன்வைத்தது, சாகப்போகிற நோயாளிகளிடம் பேசியதிலிருந்து. உயிரோடு மிஞ்சியவர்கள் அந்த வரிசையில் நடப்பதில்லை. எழுதுவதற்கு உதவுவது 1999இல் ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷுட்டும் முன்வைத்த மாதிரி: துக்கப்படுபவர் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு வேலை கொடுங்கள். போன் எண்ணை ரத்து செய்வது, வாடகை ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்றுவது, கார் ஓட்டக் கற்பது (இதுவரை இறந்தவர்தான் ஓட்டினார்). அந்த வேலையின் நடுவே இழப்பு குறுக்கிட வேண்டும். குறுக்கிட்டபின் வேலையும் முடிய வேண்டும். வேலை இல்லாமல் வெறும் அழுகை வந்தால் நாற்பதாவது நிமிடத்தில் பார்வையாளர் போனை எடுத்துவிடுவார்.

பொருள்கள் இரண்டு போதும். ஒன்று மேலே சொன்ன பேனா மூடி. மற்றது இறந்தவரின் வாரத்துக்கான மாத்திரைப் பெட்டி. ஏழு கட்டம், ஞாயிறு முதல் சனி வரை. அவர் இறந்தது புதன்கிழமை காலை. புதன் முதல் சனி வரை நான்கு கட்டங்கள் நிரம்பியே இருக்கின்றன. முதல் எபிசோடில் கேமரா அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும், யாரும் எதுவும் சொல்லக் கூடாது. மூன்றாவதில் வீடு துடைக்கும்போது நாயகன் அதைத் தூக்கி, துடைத்து, அதே இடத்தில் வைக்கட்டும். ஆறாவதில் தன் ரத்த அழுத்த மாத்திரையை அதே பெட்டியின் ஞாயிற்றுக் கட்டத்தில் போடட்டும். பழைய சட்டையை முகர்வது, இரண்டு பல்துலக்கி, காலியான படுக்கைப் பாதி ஆகியவற்றைத் தொடாதீர்கள், தேய்ந்துபோனவை.

நினைவுக் காட்சிகள் எபிசோடுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மங்கலான பொன்னிற ஒளியில் சிரித்துக்கொண்டே ஓடுவதாக வைத்தால் இறந்தவர் விளம்பர மாடலாகிவிடுவார். அவரும் ஒரு பாத்திரம்; குறைகளோடு எழுதுங்கள். பணவிஷயத்தில் மறைப்பவர், ஒரு வாக்குவாதத்தை மூன்று நாள் இழுப்பவர், குடும்பத்திடம் 22 ஆண்டாக உண்மையைச் சொல்லாதவர். மூன்றாவது குறைதான் பொன். ஏனென்றால் நாயகனின் கோபம் இப்போது உலகத்தின்மேல் மட்டுமல்ல, செத்தவர்மேலும் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

இறந்தவரின் அக்காவை வில்லியாக்காதீர்கள். அவளும் தம்பியைப் பறிகொடுத்தவள். நான்காவது எபிசோடில் அவள் சாமான் எடுக்க வருகிறாள், நாயகனைத் “தம்பி” என்றுதான் கூப்பிடுகிறாள். இருவரின் உறவு அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை ஏழாவது வரை இழுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் ஏமாற்றுவேலை.

ஆசையைப் பற்றி. துக்கத்தில் உடல் இச்சை சீக்கிரமே வரக்கூடும். இரண்டாவது மாதத்தில் வந்தாலும் அதில் பொய்யில்லை. அதைத் துரோகமாகவோ குணமாகிவிட்டதன் அடையாளமாகவோ காட்டாதீர்கள். புதியவர் ஒருவர் வரலாம், ஆனால் ஐந்தாவது எபிசோடுக்கு முன் பெயரோடு வர வேண்டாம். கடைசிக் காட்சியில் அவர் இருக்கவும் கூடாது; இருந்தால் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் என்று கணக்கு முடிந்துவிடும்.

முதல் வரைவுக்குப் பிறகு

திரைக்கதையின் நகலில் இறந்தவரை மனைவியாக மாற்றிவிட்டு முழுக்கப் படியுங்கள். மாத்திரைப் பெட்டி, கார், மூன்று நாள் சண்டை எல்லாம் அப்படியே நிற்கும், நிற்கத்தான் வேண்டும். படிவம், விடுப்பு, அக்காவின் வருகை ஆகியவை உடையும். உடையும் காட்சி ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் கோடு போடுங்கள். எட்டு எபிசோடிலும் ஒரு கோடும் விழவில்லையென்றால் நீங்கள் வேறு யாரையோ பற்றி எழுதியிருக்கிறீர்கள்; வயதுக் கணக்குத் தாளுக்குத் திரும்பிப் போங்கள். எல்லாப் பக்கத்திலும் கோடு விழுந்தால் தொடர் மனுவாகிவிட்டது. அவரைக் கவுண்டர்களிலிருந்து வெளியே கொண்டுவந்து வீட்டுக்குள் விடுங்கள். மூன்றில் ஒரு பங்கு காட்சிகளில் கோடு இருந்தால் வரைவு சரியான நிலையில் இருக்கிறது. அதன்பின், துணையை இப்படி இழந்து வாழும் இருவரிடமாவது கூலி கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இயக்குநர் கைக்குப் போவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும். ஷூட்டிங் தேதி குறித்தபின் அவர்கள் சொல்வதை யாரும் திருத்தப்போவதில்லை.