கஞ்சிக்கோட்டுப் புகை: எண்ணோடு காற்றையும் எழுதுங்கள்

காற்றுத் தூசியை அளக்கும் மீட்டர் வாங்கியவர்கள் "பிஎம் 2.5 நூறு காட்டுதே, ஆபத்தா?" என்று என்னிடம் கேட்பார்கள். பிஎம் 2.5 என்பது நுரையீரல் வரை போகும் நுண்தூசி; எண், ஒரு கன மீட்டர் காற்றில் அது எத்தனை மைக்ரோகிராம் என்பது. எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. கேரளத்துப் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கஞ்சிக்கோட்டு வட்டாரத்து இரும்பு உருக்காலைகளில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். அந்த இரண்டும் தெரியாமல் வெறும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மீட்டரை மழை படாத இடத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே மாட்டுங்கள். அடுப்படி ஜன்னல் பக்கம் வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை 544-ஐ ஒட்டியும் வேண்டாம், லாரிப் புகையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

அப்புறம் காற்று. மொட்டை மாடிக் கம்பத்தில் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டினால் போதும், திசை தெரியும். பாலக்காட்டுக் கணவாயில் இது பெரிய சௌகரியம். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வரும், புகை வாளையார்ப் பக்கம் போகும். டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து அடித்து அதையே பாலக்காட்டுப் பக்கம் தள்ளும். ஆலைக்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டர், அந்தப் பக்கம் ஒரு மீட்டர் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதலில் இரண்டையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஒன்றுபோலக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம்தான் முக்கியம். கேரளத்தில் பெரிய ஆலைகளுக்கு மாலை 6 முதல் இரவு 10 வரை மின்கட்டணம் அதிகம், 10 முதல் காலை 6 வரை குறைவு. மின்சாரத்தில் இரும்பு உருக்கும் உலைக்காரர் எப்போது உலையை முழுவீச்சில் ஓட்டுவார் என்று நான் சொல்லவா வேண்டும்? பனிக்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் கிடக்கும், புகையும் மேலே போகாது. அதனால் ஒரு நோட்டில் மணிவாரியாக எழுதுங்கள். 20 மணி நேரம் 30, 4 மணி நேரம் 150 என்றால் நாள் சராசரி 50தான். நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு 60. தாளில் எல்லாம் சரி, தொண்டைக்குத்தான் சரியில்லை.

மழைக்கால எண்களை நம்பாதீர்கள். இந்த லேசர் மீட்டர்களுக்குத் தூசியும் நீர்த்துளியும் ஒன்றுதான். ஈரப்பதம் 80 சதவீதம் தாண்டினால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அடையாளமாக ஒரு கோடு போட்டுவிடுங்கள். எதிர்வீட்டில் குப்பை எரித்தால் அதையும் எழுதுங்கள்.

மாடியில் வெள்ளைத் தட்டு வைத்துச் சேரும் தூசியில், காகிதம் சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஆலைத் தூசியில் இரும்பு இருந்தால் ஒட்டும். ஆனால் மண்ணிலும் கொஞ்சம் ஒட்டும். ஆலைகளுக்கு எட்டத்தில் இருக்கும் உறவினர் வீட்டுத் தூசியோடு ஒப்பிட்டால்தான் கணக்கு.

புகார் கொடுக்கும்போது மீட்டர் எண்ணைச் சான்றாகக் காட்டினால் விலை குறைந்த கருவி என்று தள்ளிவிடலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் நோட்டின் நகலைக் கொடுத்து, எந்த மணி நேரத்தில், எந்த இடத்தில் அவர்கள் கருவியை வைக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பகல் 11 மணிக்கு வந்து அளந்தால் ஒன்றும் அகப்படாது.