மீனுக்கு விளக்கம் ஒட்டாதீர்கள்

முதல் கண்காட்சி வைக்கும் இளம் சர்ரியலிச ஓவியர்கள், அதாவது கனவில் வருவதுபோல் ஒன்றுக்கொன்று ஒட்டாதவற்றைச் சேர்த்து வரைபவர்கள், சிலருக்குப் படம் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். வரைவதையெல்லாம் நன்றாகத்தான் வரைகிறார்கள். சுவரில் ஏற்றும்போதுதான் கோட்டை விடுகிறார்கள்.

பெரிய தவறு, விளக்கம். ஒரு பெண், இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் ஒரு மீன் படுத்திருப்பதாக வரைந்திருந்தார். பக்கத்திலேயே அரைப் பக்கம் டைப் செய்து ஒட்டியிருந்தார். மீன் அம்மாவாம், பெட்டி சமூகமாம். வந்தவர்கள் தாளைப் படித்து, "ஓ, சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். மறுநாள் தாளை எடுத்துவிட்டோம். ஒரு பெரியவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். அப்புறம், "ஏம்மா, இது உயிரோட இருக்கா, வெந்துபோச்சா?" என்று கேட்டார். வரைந்தவருக்கே பதில் தெரியவில்லை.

தலைப்பிலும் இதே சிக்கல் உண்டு. 1929-இல் பெல்ஜிய சர்ரியலிச ஓவியர் ரெனே மக்ரித் ஒரு புகைக்குழாயை அச்சு அசலாக வரைந்து, கீழே 'இது புகைக்குழாய் அல்ல' என்று எழுதினார். அந்த எழுத்து படத்துக்கு உரை சொல்லவில்லை, வம்புக்கு இழுக்கிறது. அதற்காக 'கனவு-1', 'கனவு-2' என்று எண் போடுவது சோம்பேறித்தனம். மக்ரித்தின் பல தலைப்புகள் நண்பர்கள் யோசித்துக் கொடுத்தவை. உங்களுக்கும் நாலு பேர் இருப்பார்கள், டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

பெரிய படம்தான் எடுபடும் என்று நினைக்காதீர்கள். ஸ்பானிய சர்ரியலிச ஓவியர் சால்வடோர் டாலியின் உருகும் கடிகாரங்களை (1931) உலகமே அறியும். அந்தப் படம் 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம்; ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆனால் சின்னப் படத்துக்குச் சுற்றிலும் வெற்றுச் சுவர் வேண்டும். முப்பது படங்களையும் நெருக்கி மாட்டினால் துணிக்கடை போலாகிவிடும். பாதியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும்.

திறப்பு விழாவுக்கு வேடம் வேண்டாம். 1936-இல் லண்டன் கண்காட்சியில் டாலி ஆழ்கடல் முக்குளிப்பு உடை அணிந்து பேசப் போய், மூச்சுத் திணறிவிட்டார்.

கடைசியாக, முழுதாய்க் காயாத எண்ணெய் வண்ணத்தை பபிள் ராப்பில் சுற்றி ஆட்டோவில் ஏற்றாதீர்கள். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். பிரித்துப் பார்த்தால் வானம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம். "அதுவும் சர்ரியலிசம்தான் சார்" என்று ஒருவர் சமாளித்துப் பார்த்தார். வாங்க வந்தவர் நம்பவில்லை.