எல்லோருக்கும் கோப்பை கொடுப்பவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

எங்கள் குடியிருப்பில் பொங்கலையொட்டிக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் போட்டிகள் நடத்துவோம். பரிசு வாங்கும் வேலை மூன்று ஆண்டுகளாக என் தலையில். முதல் ஆண்டு, ஓடிய அத்தனை பேருக்கும் ஒரே அளவில் தங்க நிறக் கோப்பை வாங்கிவிட்டேன். மொத்தமாக எடுத்தால் விலை குறைவு. வேறு தத்துவம் எதுவும் கிடையாது. முதலாவதாக வந்த சிறுமி, பாதியில் தண்ணீர் குடிக்கப் போன தன் தம்பியின் கோப்பையையும் தன்னுடையதையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

வென்றவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே பொருளைக் கொடுப்பதுதான் முதல் தவறு. எல்லைக் கோட்டை முதலில் தொட்டது யார் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கடைசியாக வந்தவனும் அந்தக் கோப்பையை நம்பப் போவதில்லை. நம் பள்ளி விழாக்களில் எவர்சில்வர் டம்ளரும் சோப்பு டப்பாவும் கொடுத்த காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ‘ஆறுதல் பரிசு’ என்ற பெயரே உள்ளதைச் சொல்லிவிடும். கலந்துகொண்டதற்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் பென்சில் டப்பா, குழுவாக எடுத்த படம், பெயர் எழுதிய சான்றிதழ் என்று ஒன்றைக் கொடுங்கள். கோப்பை வென்றவருக்கே இருக்கட்டும்.

இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரியாதது, கெடுதலும் அதிகம். “வந்து ஓடு, ஓடினாலே பரிசு உண்டு” என்று முன்கூட்டியே ஆசை காட்டுவது. 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்தபின் எதிர்பாராமல் அதே சான்றிதழ். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, யாரும் கேட்காமலேயே பேனாவை எடுக்கிறார்களா என்று கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுக்கள் வரைந்த நேரத்தில் சுமார் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. கொடுப்பதென்றால் விளையாடி முடித்தபின், சொல்லாமல் கொடுங்கள்.

“எல்லோருக்கும் கோப்பை கொடுத்து இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டார்கள்” என்று பெருமூச்சு விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1922லேயே ஒரு கூடைப்பந்துப் போட்டியில் பங்கேற்புக் கோப்பைகள் கொடுத்ததாகச் செய்தித்தாள் பதிவு இருக்கிறது. அன்று வாங்கியவர்கள் இன்றைய பிள்ளைகளின் கொள்ளுத் தாத்தாக்கள் வயது. 2015இல் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ வீரர் ஜேம்ஸ் ஹாரிசன், தன் 8 வயது, 6 வயது மகன்களின் பங்கேற்புக் கோப்பைகளைத் திருப்பி அனுப்பப் போவதாக இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். பாராட்டு குவிந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடுத்தது பெரியவர்கள், பிடுங்கியதும் பெரியவர். அவர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதற்குச் சிறுவர்கள் ஏன் ஊரறிய நிற்க வேண்டும்?

எல்லா வயதுக்கும் ஒரே விதி வைப்பதுதான் பெரும்பாலானோர் சறுக்கும் இடம். நார்வே இதை வயது வாரியாகப் பிரித்துவிட்டது. அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987இல் குழந்தைகள் விளையாட்டுக்கென்று விதிமுறைகளை ஏற்றது. இப்போதைய விதிப்படி, 11 வயதாகும் ஆண்டுக்கு முன் தரவரிசையோ புள்ளிப் பட்டியலோ கூடாது. குழந்தைகள் போட்டியில் பரிசு உண்டென்றால் எல்லோருக்கும் உண்டு. சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும், 2022இல் 16 தங்கமும் வென்று இரண்டு முறையும் முதலிடம் பிடித்தது. பனியும் பணமும் உள்ள நாடு. பரிசு முறையால்தான் வென்றார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் பரிசு கொடுத்தால் வெற்றியாளரே உருவாக மாட்டார் என்று அடித்துப் பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசலாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கதை வேறு. அந்த வயதுப் பையனிடம் சும்மா ஒரு கோப்பையை நீட்டினால் கேலி செய்வதாகவே எடுத்துக்கொள்வான்.

பரிசோடு சேர்த்து “நீதான் நிஜமான சாம்பியன்” என்று ஊதிவிடுவதும் வேண்டாம். 2014இல் எடி புருமெல்மன் குழுவினர் நெதர்லாந்தில் நடத்திய ஆய்வில், தன்மதிப்புக் குறைவாக உள்ள குழந்தைகளின் ஓவியத்தை மிகையாகப் புகழ்ந்தபோது, அவர்கள் அடுத்து வரையக் கடினமான படங்களைத் தவிர்த்தார்கள். அவ்வளவு உயரத்தில் ஏற்றிவிட்டால் விழ பயமாக இருக்காதா? “தொடக்கம் நன்றாக இருந்தது, கடைசியில் திரும்பிப் பார்த்தாய், அங்கேதான் வேகம் குறைந்தது” என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டத்தைக் கவனித்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும் என்று பிள்ளைக்குப் புரியும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, ஆடவே விடாமல் கோப்பை மட்டும் கொடுப்பது. கிரிக்கெட் அணியில் பதினோராவதாக ஒரு பையன் இருப்பான். பந்தே வராத எல்லையில் நிறுத்துவார்கள், பேட்டிங்கில் அவன் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும், மாலையில் மேடைக்கு அழைத்துக் கையில் ஒன்றைத் திணிப்பார்கள். அவனுக்கு இரண்டு ஓவர் பந்து வீசக் கொடுத்திருந்தால் அந்தக் கோப்பையை அவன் கேட்டிருக்கவே மாட்டான்.

இந்த ஆண்டு பத்து வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் ஆளுக்கொரு ரப்பர் பந்து, பெரிய பிள்ளைகளுக்கு முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் கோப்பை என்று முடிவெடுத்தோம். பந்து யாருக்கும் முன்னால் தெரியாது. செலவு குறைந்ததில் சங்கச் செயலாளருக்கு மகிழ்ச்சி. ஜன்னல் கண்ணாடிக் கணக்கு இன்னும் அவர் கைக்கு வரவில்லை.