அண்ணாவுக்கு ‘முடியாது’ சொல்ல வராது: மலையேற்றக் குழுவை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வார இறுதி நடைக் குழுக்களை நடத்துபவர்களில் பலர் அதற்காக ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. வாரம் முழுக்க ஓ.எம்.ஆரில் வேலை, சனிக்கிழமை விடியற்காலை நாகலாபுரம் மலை. ஜனவரி பிறந்தால் இரவில் பெசன்ட் நகர்க் கடற்கரையில், முட்டையிட வரும் கடலாமைகளைத் தேடி ஆமை நடை. நாலு தடவை ஒழுங்காக வந்துவிட்டால், “அடுத்த வாரம் நீங்களே லீட் பண்ணுங்களேன்” என்று பொறுப்பு கைக்கு வந்துவிடும். இப்படி வருபவர்களுக்கு வழியும் தெரியும், தெம்பும் உண்டு. கூட வருகிற நண்பர்களிடம் ‘முடியாது’ என்று சொல்லத்தான் வாய் வராது. நான் பார்த்த சிக்கல்களில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்கின.

முதல் தவறு வாட்ஸ்அப்பிலேயே நடந்துவிடுகிறது. பன்னிரண்டு பேர் என்று போட்ட பட்டியல் வெள்ளிக்கிழமை இரவில் இருபதைத் தாண்டும். “அண்ணா, என் ரூம்மேட்டும் வர்றான்ணா, நல்லா நடப்பான்.” அந்த ரூம்மேட்டுக்கு வீசிங் உண்டா, நீச்சல் தெரியுமா, காலில் என்ன போட்டுக்கொண்டு வரப்போகிறார் என்பதெல்லாம் அழைத்து வருபவருக்கே தெரியாது. உடல்நலக் கேள்வியைக் குழுவில் போட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. வலிப்பு, சர்க்கரை, சமீபத்தில் செய்த அறுவை சிகிச்சை பற்றியெல்லாம் பத்துப் பேர் நடுவில் யார் எழுதுவார்கள்? தனித்தனியாக போன் போட்டுக் கேட்க வேண்டும். இன்ஹேலர் வைத்திருப்பவரிடம், அது வேனில் இருக்கும் பெரிய பையில் கிடக்கக் கூடாது, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட வேண்டும். ‘என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாளை நீட்டினால் ஆஸ்துமா நிற்காது.

அடுத்தது அனுமதி. நாகலாபுரமும் தடா அருவியும் சென்னைக்காரர்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி ஆகிவிட்டதால், ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரம் என்பதே மறந்துபோகிறது. அங்கே கேட்க வேண்டியது ஆந்திர வனத்துறையை. தமிழ்நாட்டுப் பக்கம் இன்னும் கண்டிப்பு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அதன்பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024இல் வனத்துறையே 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. இவ்வளவு நடந்த பிறகும், “அதெல்லாம் யாரும் செக் பண்ண மாட்டாங்க ப்ரோ” என்பவரைக் குழுவில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் பாதையை மூடுகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

நடக்கத் தொடங்கிய பிறகு நடக்கும் தவறுகளில் மோசமானது, தலைவர் முன்னால் போவது. போகட்டும், ஆனால் கடைசியில் யார்? பாதை தெரிந்த, அவசரப்படாத ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. கிளம்பும்போது ஆளுக்கொரு எண் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் வாய்விட்டு எண்ணிப் பார்க்க வசதி. ‘எல்லாரும் வந்தாச்சா?’ என்ற கேள்விக்கு எல்லோரும் ‘வந்தாச்சு’ என்றுதான் சொல்வார்கள், வராதவரைத் தவிர.

இன்னொரு பழக்கம் கவனிக்காமலே நடக்கும். முன்னால் போனவர்கள் பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் கடலைமிட்டாய் சாப்பிடுவார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும், “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்.” யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவருக்கு மட்டும் ஓய்வில்லை. இரண்டு மணி நேரத்தில் அவர் கால் இடறுவார். அதற்குப் பிறகு குழு முழுக்க அவர் வேகத்தில்தான் இருட்டில் இறங்க வேண்டியிருக்கும். கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும் இடத்திலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட வேண்டும். ‘ஒன்றரைக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்.’ மேலே போன பிறகு முடிவெடுக்கலாம் என்று விட்டால், “இன்னும் பத்தே நிமிஷம்ணா, ப்ளீஸ்ணா” என்பதை எதிர்த்து நிற்க உங்களால் முடியாது.

அந்த ‘ப்ளீஸ்ணா’ ஆபத்தாக முடிவது பெரும்பாலும் தண்ணீரில். நாகலாபுரத்துக்கும் தடாவுக்கும் போவதே அங்கிருக்கும் மடுக்களுக்காகத்தான். போன மாதம் குதித்த இடத்தில் இன்று ஆழம் அதேதான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மழையில் மணலும் கல்லும் இடம் மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்க, மேலே பெய்த மழை திடீரென்று கீழே வந்து சேரலாம். தண்ணீர் கலங்கினாலோ சருகும் குச்சியும் கூடுதலாக மிதந்து வந்தாலோ, யாரையும் கேட்காமல் எல்லோரையும் கரையேற்றுங்கள். நீச்சல் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் அன்று குளியல் இல்லை. முகம் தூக்கிக்கொள்வார்கள். பரவாயில்லை.

வெயிலைப் பற்றி நீட்ட வேண்டாம். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை எளிதில் காயாது, அதனால் உடம்பும் குளிராது. ஏப்ரல், மே மாதங்களில் விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடியாத நடையை யாரும் வைக்காதீர்கள். ஒருவர் உளறினாலோ தள்ளாடினாலோ அது வெறும் சோர்வு இல்லை, ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடனே நிழல், உடம்பு முழுக்கத் தண்ணீர், 108.

பாம்புக்கடியில் சினிமா வைத்தியம் இன்னும் சாகவில்லை. கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். கடிபட்டவரை நடக்க விடாமல், கை கால் அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சிலர் பாம்பை அடித்து எடுத்துவரப் பின்னால் ஓடுகிறார்கள், இரண்டாவது ஆளும் கடிபடுவதற்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் இங்கே கொடுக்கிறார்கள். பாம்பைப் பிடித்துவரத் தேவையே இல்லை. அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருவதில் முன்னிற்பவர்கள், நம் ஈ.சி.ஆரில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். காட்டுக்குள் போவதற்கு முன், விஷமுறிவு மருந்து இருக்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்று விசாரித்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிக்னல் இருக்காது.

ஆமை நடையில் உயிராபத்து குறைவு, ஆசை அதிகம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். நீலாங்கரைப் பக்கமிருந்து பெசன்ட் நகர் வரை தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். 1988 முதல் மாணவர்கள் முன்னின்று நடத்திவரும் வேலை இது. ஒரு ஆமை கண்ணில் பட்டதும் பத்து செல்போன் விளக்கு எரியும். முட்டையிடத் தொடங்காத ஆமை வெளிச்சத்தையும் அசைவையும் கண்டு அப்படியே கடலுக்குத் திரும்பிவிடும். நடை தொடங்கும்போதே போன்களைப் பைக்குள் போடச் சொல்லுங்கள். ஆமையைப் பார்த்த பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது. இன்னொன்று: குப்பங்களைத் தாண்டும்போது செத்து ஒதுங்கிய ஆமையைக் காட்டி, கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் வகுப்பெடுப்பது. ஆமைகள் பெரும்பாலும் மாட்டிச் சாவது விசைப்படகுகளின் இழுவலையில். ஆமை எங்கே ஏறியது என்று உங்களுக்குச் சொல்லப்போவதே அந்தக் குப்பத்து ஆள்தான்.

பாதையையும் கரையையும் பராமரிக்கக் கிளம்புபவர்களுக்கு உற்சாகம்தான் எதிரி. கடற்கரையைச் சுத்தம் செய்யப் போய், ‘களை’ என்று அடும்புக் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருகிறார்கள். சங்கப் பாட்டில் நெய்தல் நிலம் முழுக்கப் படர்ந்திருக்கும் கொடி அது. மணலைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். வழி தவறாமல் இருக்க என்று பாறையெங்கும் பெயிண்டில் அம்புக்குறி போடுவது, சேர்த்த குப்பையை அங்கேயே கொளுத்துவது, மூட்டை கட்டி நடைபாதையின் முகப்பில் வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவது எல்லாம் இதே ரகம். ராத்திரிக்குள் நாயும் குரங்கும் அந்த மூட்டையைப் பிரித்துவிடும். யார் வண்டியில், எந்தக் கிடங்குக்கு என்று முடிவாகாமல் ஒரு பையைக்கூட நிரப்ப வேண்டாம்.

கடைசியாக, வண்டி மாதவரத்தில் நின்றதும் கையசைத்துவிட்டுப் போகிற வழக்கம். இரவு பத்தரைக்கு இறங்கும் ஒரு பெண் தாம்பரம் வரை எப்படிப் போவாள் என்பது காலையிலேயே பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம். ‘வீட்டுக்கு வந்துட்டேன்’ என்ற செய்தி எல்லோரிடமிருந்தும் வரும்வரை பட்டியலைக் கையில் வைத்திருங்கள். வராத ஒருவருக்கு எவ்வளவு நேரமானாலும் போன் போடுங்கள்.